உம்மும்மாவின் உம்மா



யாழ்ப்பாணத்துப் பழைய காணி விவகாரங்களில் பழகியவர்களுக்குத் 'தோம்பு' என்ற சொல் புதியதல்ல. எந்தக் காணி யாருக்குச் சொந்தம் என்று பெயர் பெயராகப் பதிந்து வைத்த அரசாங்க ஏட்டுக்கு அந்தப் பெயர். போர்த்துக்கீசர் தொடங்கிய இந்த வேலையை, 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் மேலும் விரிவாகச் செய்தார்கள். 1795இல் ஆங்கிலேயரிடம் கோட்டையை விட்டுக்கொடுக்கும் வரையிலான 137 ஆண்டுகளில் அவர்கள் எழுதிக் குவித்த ஏடுகள் ஏராளம். வரி வாங்கவும் வேலை வாங்கவும்தான் எழுதினார்கள். நம் முன்னோரான சோனகர்களைப் பிறநாட்டார் என்று முத்திரை குத்தி, ஊழியம் என்ற பெயரில் கட்டாய வேலையும் வாங்கினார்கள். இருந்தாலும் எழுதி வைத்தார்கள். அவர்களுடைய கம்பெனியின் ஆவணங்களை 2003ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது.

ஒல்லாந்தர் போன பிறகும் இந்நாட்டிலேயே தங்கிவிட்ட அவர்களின் சந்ததியினர் கொழும்பில் ஒரு சங்கம் அமைத்தார்கள். 1908இலிருந்து ஒரு சஞ்சிகை நடத்தி, அதில் குடும்பம் குடும்பமாக வம்சாவழியை அச்சிட்டார்கள். முதலில் வந்தவர் எந்த ஊர்க்காரர், யாரை மணந்தார், எத்தனை பிள்ளைகள் என்பதெல்லாம் அதில் உண்டு.

ஒல்லாந்து தேசத்திலிருந்து வேறு திசையில் போனவர்களும் இருக்கிறார்கள். 1847இல் ஒரு கூட்டம் ஏழை விவசாயிகள், சொந்த நாட்டில் மத நெருக்கடியும் உருளைக்கிழங்குப் பஞ்சமும் தாங்காமல், வான் ரால்ட் என்ற பாதிரியாரின் தலைமையில் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் குடியேறினார்கள். காடும் சேறுமான நிலம். மரக்கட்டைக் குடிசைகள். முதல் வருடத்திலேயே நோயில் பலர் மாண்டார்கள். அந்தக் குடிசைகளில் அடுப்பு மூட்டிய பெண்களின் கடிதங்களும் குறிப்புகளும் இன்று அந்த ஊரின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நாலாம் தலைமுறைப் பிள்ளை ஒன்று போய், தன் பாட்டியின் தாய் எப்படி வாழ்ந்தாள் என்று வாசித்துவிட்டு வரலாம்.

முஸ்லிம் குடும்பங்கள் வாசிக்கும் இதழில் ஒல்லாந்தக் கிழவிகளின் கதை எதற்கு என்று நீங்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. அதே போலப் பெயர்ந்து போய், ஓலைக் குடிசையில் அடுப்பு மூட்டிய பெண்கள் நம்மிலும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுடைய வாழ்க்கையை யார் எழுதி வைத்தோம்?

யாழ்ப்பாணத்தில் பூட்டி என்று ஒரு சொல் உண்டு. பாட்டியின் தாய். உம்மும்மாவின் உம்மா. 1930களில் யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் பிறந்த ஒரு பூட்டியை எண்ணிப் பாருங்கள். சிறு வயதில் அயல் வீட்டில் குர்ஆன் ஓதப் பழகியிருப்பார். 1942இல் ஜப்பான் விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்ட செய்தி வந்தபோது பெரியவர்கள் பதறியதைக் கண்டிருப்பார். அரிசித் தட்டுப்பாடு அவருக்கு நினைவிருக்கும். பதின்மூன்று, பதினான்கு வயதில் பள்ளிப் படிப்பு நின்று, சில வருடங்களில் நிக்காஹ் முடிந்திருக்கும். மாப்பிள்ளை இரும்புக் கடைக்காரராகவோ தையல்காரராகவோ இறைச்சிக் கடைக்காரராகவோ இருந்திருப்பார். தாய் தகப்பன் சீதனமாகக் கொடுத்த வீட்டிலேயே குடும்பம் நடந்திருக்கும். அந்த வீடு அவர் பெயரில் இருந்தது. முற்றமும் கிணறும் வேலியும் அவருடையவை.

பெருநாளைக்கு வேலிக்கு அப்பால் வட்டிலப்பம் போகும். பொங்கலுக்கு வேலிக்கு இப்பால் பொங்கல் வரும். மகன் ஒஸ்மானியாக் கல்லூரிக்குப் போனான். மகள் கதீஜாவில் படித்தாள். தனக்குக் கிடைக்காத படிப்பு மகளுக்குக் கிடைத்ததில் அந்தத் தாய்க்கு இருந்திருக்கும் பெருமை கொஞ்சமா?

இந்த மண் பெரிய மனிதர்களைப் பெற்ற மண். வண்ணார்பண்ணையில் பிறந்த மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ் (1911–1973) அவர்கள் இலங்கை சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம். பின்னர் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக இருந்து ஒரு தலைமுறையையே உருவாக்கியவர். அவரைப் பற்றி நூல்கள் இருக்கின்றன, விழாக்கள் எடுக்கிறோம். நல்லது. ஆனால் அதே தெருக்களில் பிள்ளை பெற்று, வளர்த்து, ஓதக் கொடுத்து, நோயில் கண் விழித்த பெண்களைப் பற்றி ஒரு பக்கக் குறிப்பாவது எத்தனை வீடுகளில் இருக்கிறது?

பிறகு வந்தது 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் தேதி. விடுதலைப் புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து மக்களை ஒஸ்மானியாக் கல்லூரிக்கு அருகிலுள்ள ஜின்னா மைதானத்தில் கூட்டினார்கள். இரண்டு மணி நேரத்தில் ஊரை விட்டுப் போகவேண்டும் என்று சொன்னார்கள். அதற்கு முன்பே அம்மாதத்தில் சாவகச்சேரியிலிருந்தும் மன்னாரிலிருந்தும் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டிருந்தார்கள். வடமாகாணம் முழுவதிலுமாக ஏறக்குறைய 75,000 பேர். யாழ்ப்பாண நகரத்தவர்கள் கையில் ஒரு சிறு தொகைக்கு மேல் கொண்டுபோக முடியவில்லை. நகைகள் பறிக்கப்பட்டன. குழந்தைகளின் காதில் கிடந்த தோடுகளும் தப்பவில்லை.

நம் பூட்டிக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. இரண்டு மணி நேரத்தில் அவர் எதை எடுத்திருப்பார்? பேரப் பிள்ளையைத் தூக்கியிருப்பார். உடுதுணியும் குர்ஆனும் எடுத்திருப்பார். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், கல்யாணப் படம் எல்லாம் அலுமாரியிலேயே கிடந்திருக்கும். நாலு நாளில் திரும்பிவிடலாம் என்று நினைத்துக் கதவைப் பூட்டித் திறப்பை மடியில் கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு.

பெரும்பாலோர் போய்ச் சேர்ந்த இடம் புத்தளம் மாவட்டம். அங்கே கற்பிட்டியிலும் ஓர் ஒல்லாந்தர் கோட்டை இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் கோட்டையைப் பார்த்து வளர்ந்தவர்கள் இன்னொரு கோட்டையின் பக்கத்தில் கிடுகுக் குடிசையில் குடியேறினார்கள். சொந்தக் கிணற்றில் அள்ளிக் குளித்தவர்கள் குடத்துடன் வரிசையில் நின்றார்கள். கடை முதலாளியின் மனைவியாக இருந்தவர்கள் உலர் உணவு நிவாரணத்துக்குக் கை நீட்டினார்கள். மண்வெட்டி பிடித்தறியாத பெண்கள் கற்பிட்டிப் பக்கத்து வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலிக்குக் குனிந்தார்கள். புத்தளத்து மக்கள் அன்று பள்ளிவாசல்களையும் வீடுகளையும் திறந்துவிட்டுச் சோறு போட்டதை மறக்க முடியாது. அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்குவானாக. ஆயினும் அடுத்தவர் ஊரில் வருடக்கணக்கில் அகதி என்ற பெயருடன் வாழ்வதன் பாரத்தை அந்தப் பெண்கள்தான் அறிவார்கள்.

2002இல் அந்த வெளியேற்றம் தவறு என்று புலிகள் தரப்பே ஒப்புக்கொண்டது. 2009இல் யுத்தம் முடிந்தது. சிலர் திரும்பினார்கள். பலருக்குப் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் தொழிலும் புத்தளத்திலோ நீர்கொழும்பிலோ கொழும்பிலோ வேரூன்றிவிட்டன. 1990இல் ஐம்பதைத் தாண்டியிருந்தவர்கள் இன்று எண்பத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். மையவாடிகளில் அவர்களுடைய கபுறுகள் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே வருகின்றன. இருப்பவர்களும் இன்னும் எத்தனை நாளைக்கு?

சகோதரிகளே, நான் சொல்ல வந்தது இதுதான். உறுதிகளும் படங்களும் இழந்த ஒரு சமூகத்துக்கு அந்தப் பூட்டிதான் ஏடு. அவர் இருக்கும்போதே அவர் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்.

இது வெறும் ஆசைக்காகச் சொல்வதல்ல. நம் நாட்டுச் சட்டத்தில், ஒருவரின் காணியை இன்னொருவர் 10 ஆண்டுகள் தடையில்லாமல் ஆண்டுவந்தால் அவர் அதற்கு உரிமை கோர இடமுண்டு. யுத்தத்தால் ஊரை விட்டோருக்கு இதனால் அநீதி நேரக்கூடாது என்று 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவரப்பட்டு, வழக்குத் தொடர 2 ஆண்டுகள் அவகாசம் கொடுக்கப்பட்டது. அப்படிப்பட்ட நேரங்களில் காணிக்கு வடக்கில் யார், கிழக்கில் யார், கிணறு தனிக் கிணறா பங்குக் கிணறா என்று கேட்டால் யார் பதில் சொல்வது? புத்தளத்தில் பிறந்த பேரனா? நாலு எல்லையும் பூட்டியின் வாயில்தான் இருக்கிறது.

மார்க்கத்தின் பக்கமிருந்தும் யோசித்துப் பாருங்கள். கொடுக்கல் வாங்கலைக்கூட எழுதி வைக்கும்படி சொல்லும் மார்க்கம் நம்முடையது. உறவைச் சேர்ந்து வாழ்வதற்காக வம்சாவழியை அறிந்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் போதித்திருக்கிறார்கள். நம் ஹதீஸ் கலை முழுவதும் யார் யாரிடம் கேட்டார் என்ற சங்கிலியின் மேல்தான் நிற்கிறது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்தவையாக மட்டும் 2,210 ஹதீஸ்கள் கணக்கிடப்படுகின்றன. வீட்டுக்குள் நடந்ததை ஒரு பெண் நினைவில் வைத்துச் சொன்னதால்தான் நபிகளாரின் இல்லற வாழ்க்கையை உம்மத் இன்று அறிகிறது. பெண்ணின் நினைவுக்கு இவ்வளவு மதிப்புக் கொடுத்த சமுதாயம், தன் வீட்டுத் திண்ணையில் இருக்கும் மூதாட்டியின் நினைவை 'கிழவியின் புலம்பல்' என்று ஒதுக்கலாமா?

எழுதுவது எப்படி என்று தயங்கவேண்டாம். பெரிய படிப்பு தேவையில்லை. ஓர் அப்பியாசக் கொப்பி போதும். கையிலிருக்கும் தொலைபேசியில் குரலையும் பதிந்துகொள்ளலாம்.

வருடத்தைக் கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. "1964 மார்கழிப் புயலுக்கு முன்னா பின்னா? நூலகம் எரிந்தபோது (1981) எத்தனை பிள்ளைகள்?" என்று கேளுங்கள். டக்கென்று பதில் வரும்.

வீட்டைப் பற்றிக் கேளுங்கள். எந்த வீதி, ஐந்து சந்தியிலிருந்து எந்தப் பக்கம், எத்தனை பரப்புக் காணி, முற்றத்தில் என்ன மரம், அயலவர் யார் யார். அவர் சொல்லச் சொல்ல ஒரு படம் கீறுங்கள். தவறாகக் கீறினால் அவரே விரல் வைத்துத் திருத்துவார்.

பிறப்புகளையும் இறப்புகளையும் கேளுங்கள். அவருடைய உம்மாவின் பெயர், உம்மும்மாவின் பெயர். ஆண் வழியில் பெயர் தெரிந்த குடும்பங்களில்கூடப் பெண் வழிப் பெயர்கள் இரண்டு தலைமுறையில் மறைந்துவிடுகின்றன. யார் எந்த மையவாடியில் அடக்கப்பட்டார்கள் என்பதையும் எழுதுங்கள். கைக்குழந்தையாக இறந்த பிள்ளைகளை மறக்காமல் கேளுங்கள். தாய் அவர்களை எண்ணிக்கையில் விடமாட்டாள்.

கைவைத்தியம், பேறுகாலப் பத்தியம், நோன்புக் கஞ்சி, பெருநாள் பலகாரம், தாலாட்டு எல்லாவற்றையும் கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லிலேயே எழுதுங்கள். நீங்கள் படித்த தமிழுக்கு அதை மாற்றவேண்டாம். அந்தச் சொற்களும் அவரோடு போகவிருப்பவைதான்.

ஒக்டோபர் 30ஐப் பற்றி நீங்களாகத் துருவவேண்டாம். ஆறிய புண்ணா, ஆறாத புண்ணா என்பது அவருக்குத்தான் தெரியும். தானாகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள். அழுதால் கொப்பியை மூடி வைத்துவிட்டுக் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நடந்த அநியாயத்தைச் சொன்னால் அதை எழுதுங்கள். அன்று வேலிக்கு அப்பால் நின்று அழுத தமிழ்ச் சகோதரியைப் பற்றிச் சொன்னால் அதையும் அதே அளவு எழுத்தில் எழுதுங்கள். ஒன்றை எழுதி மற்றதை விடுவது பொய்ச் சாட்சிக்குச் சமம். உங்கள் சொந்தக் கற்பனையையும் கோபத்தையும் கலக்கவேண்டாம். யார் சொன்னார், எந்த நாளில் சொன்னார் என்று ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் குறியுங்கள்.

எழுதியதைப் பிரதி எடுத்து வெவ்வேறு இரண்டு வீடுகளில் வையுங்கள். ஒரே அலுமாரியில் எல்லாவற்றையும் வைத்ததன் விலையை நாம் ஒருமுறை கொடுத்துவிட்டோம்.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்களை முன்வைத்துச் சொன்னாலும் இது எல்லோருக்கும் பொருந்தும். காத்தான்குடியிலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உம்மும்மாவின் உம்மா இருக்கிற வீடுகள் உண்டு. வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஆண்கள் போன நேரத்தில், அவருக்கு ஒரு கோப்பைத் தேநீர் ஊற்றிக் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். முதல் கேள்வியாக அவருடைய உம்மாவின் பெயரைக் கேளுங்கள். அந்தப் பெயரை வீட்டில் யாராவது கேட்டு எத்தனை காலமாயிற்றோ!

வயோதிபத்தில் இருக்கும் நம் தாய்மார் அனைவருக்கும் அல்லாஹ் ஆரோக்கியத்தையும் ஈமானுடன் கூடிய நல்முடிவையும் தந்தருள்வானாக. சொந்த மண்ணை விட்டுத் தூரத்தில் கண் மூடியவர்களின் கபுறுகளை ஒளிமயமாக்குவானாக. ஆமீன்.