இருதயத்தில் மண் வேலை

கிறிஸ்துமஸுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைத் திருவருகைக் காலமாகத் திருச்சபைகள் அனுசரிக்கின்றன. நவம்பர் 30-ஐ ஒட்டிவரும் ஞாயிறன்று அது தொடங்கும். மும்பையில் வாழும் நம்மவர் வீடுகளிலும் அப்போதே நட்சத்திரம் தொங்கும். கேக்குக்குப் பழம் ஊறும். ஊருக்குப் போக டிக்கெட் உறுதியாயிற்றா என்று பார்ப்போம். இவையெல்லாம் வேண்டியவையே. ஆனால் அந்த நான்கு வாரங்கள் ஏற்பட்டது வேறொரு வேலைக்காக. வருகிறவருக்கு நம் இருதயத்தை ஆயத்தப்படுத்துவதற்காக.

ஆயத்தம் என்றால் என்ன? கண்ணீரோடு ஜெபிப்பது என்பார் சிலர். உபவாசம் என்பார் சிலர். ரயில் பாதையோடு காலம் கழித்த எனக்கு ஏசாயா 40-ஆம் அதிகாரம் விளங்குகிற பாஷையில் பேசுகிறது. ஆண்டவருக்கு வழி போடச் சொல்கிறார் தீர்க்கதரிசி. பள்ளம் உயர வேண்டும், மேடு தாழ வேண்டும், கோணல் நேராக வேண்டும். இது எங்கள் மண் வேலை அல்லவா!

புது லைன் போடும்போது மேட்டை வெட்டிய மண்ணை என்ன செய்வோம்? தரமான மண்ணாக இருந்தால் அடுத்துள்ள பள்ளத்தில் கொட்டிக் கரை எழுப்புவோம். மேடு தாழ்வதும் பள்ளம் உயர்வதும் ஒரே மண்ணால்தான். ஏசாயாவையும் அப்படியே வாசிக்க வேண்டும் என்பது என் கருத்து. மனத்தாழ்மை வந்துவிட்டது என்று நமக்குள் சொல்லிக்கொண்டால் போதாது. வெட்டிய மண் யாருடைய பள்ளத்தை நிரப்பியது?

லூக்கா 3-ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். யோவான் ஸ்நானனிடம் ஜனங்கள், தாங்கள் செய்ய வேண்டியது என்ன என்று கேட்கிறார்கள். இரண்டு அங்கி உள்ளவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும் என்கிறார். வரி வசூலிப்பவரிடம், விதித்ததற்கு மேல் வாங்காதே என்கிறார். சேவகரிடம், மிரட்டிப் பறிக்காதே, சம்பளம் போதுமென்றிரு என்கிறார். வேலையை விடச் சொல்லவில்லை. வேலையிலேயே ஆயத்தப்படச் சொன்னார். இன்று வந்தால் ரயில்வேக்காரரிடம், அளந்ததை மட்டும் மெஷர்மெண்ட் புக்கில் எழுது என்பார்.

ஊரைவிட்டு வந்த நம்மிடம் என்ன சொல்வார்? பாகப்பிரிவினைக்குப் பிறகு அண்ணன் தம்பி பேசாத குடும்பங்கள் நம்மில் எத்தனை! சகோதரனுக்கு நம்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகும்படி மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இயேசு கற்பிக்கிறார். தூரம் நமக்கு நல்ல சாக்கு. கையில் செல்போன் இருக்கையில் அந்தச் சாக்கு எடுபடுமா?

"எல்லாம் கிருபை, நம் முயற்சியால் என்ன ஆகும்?" என்று சிலர் கேட்கலாம். கர்ஜத்திலிருந்து லோனாவாலாவுக்கு ஏறும் போர் காட் பாதை 1863-இல் திறக்கப்பட்டது. எவ்வளவோ வெட்டியும் அங்கே 37 அடிக்கு ஓர் அடி ஏற்றம் மிஞ்சியது. இன்றும் ரயிலுக்குப் பின்னாலிருந்து பாங்கர் என்ஜின்கள் தள்ளுகின்றன. தள்ள என்ஜின் உண்டென்று யாரும் மலையை வெட்டாமல் விடவில்லை. பாதை வெட்டியிருப்பதால்தான் தள்ளவும் முடிகிறது. கிருபையும் அப்படித்தான் என்று நம்புகிறேன்.

இன்னொன்று. புதுக் கரையில் உடனே முழு வேகத்தில் வண்டி விடமாட்டோம். மண் அமர அவகாசம் வேண்டும். பல வருஷப் பிணக்கும் ஒரே பேச்சில் தீராது. ஆகவே 24-ஆம் தேதி இரவு வரை காத்திராதீர்கள். மார்கழிக் குளிரில் விடியுமுன் எழுந்து பாவை பாடும் நம் இந்துச் சகோதரிகளுக்கு, பண்டிகைக்கு முந்திய நாட்களின் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் மெழுகுவர்த்தி ஏற்றும் ஞாயிறன்றே, பேசாதிருக்கும் அந்த ஒருவருக்குப் போன் செய்வோம். அவர் எடுக்காவிட்டால், இன்னும் மூன்று ஞாயிறுகள் இருக்கின்றன.