மலாயாவுக்குப் போன இரு கூட்டத்தார்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலும், சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் கப்பலேறித் தோட்ட வேலைக்குப் பினாங்கில் போய் இறங்கிய தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு ஜில்லாக்களின் ஏழைக் குடியானவர்களும், ஏறக்குறைய அதே காலத்தில் யாழ்ப்பாணக் குடாநாட்டை விட்டு அதே மலாயாவுக்குப் போய்ச் சேர்ந்த இளைஞர்களும் பேசியது ஒரே மொழி. கும்பிட்டது ஒரே முருகனை. பணிந்து சேவகம் செய்தது ஒரே ஆங்கில அரசின் கீழ். ஆயினும் மூன்று தலைமுறை கழிந்த பிறகு திரும்பிப் பார்த்தால், யாழ்ப்பாணத்தார் சந்ததியில் டாக்டர்களும் வக்கீல்களும் நீதிபதிகளும் உயர்ந்த உத்தியோகஸ்தர்களும் அவர்களுடைய ஜனத்தொகைக்கு எவ்வளவோ மிஞ்சிய விகிதத்தில் காணப்படுகிறார்கள். தோட்டத் தமிழர் சந்ததியிலோ, படித்து முன்னேறியவர்கள் கணிசமாக இருந்தபோதிலும், தோட்டத்தையும் இழந்து நகரத்திலும் காலூன்ற முடியாமல் தத்தளிக்கும் குடும்பங்கள் இன்றும் ஏராளம்.

இந்த வேற்றுமைக்குக் காரணம் கேட்டால், இரு கரையிலும் உள்ள தமிழர்கள் சுலபமாகச் சொல்லும் பதில் ஒன்று உண்டு. யாழ்ப்பாணத்தான் சிக்கனக்காரன், படிப்பில் கண்ணாயிருப்பவன். தோட்டத்தான் கள்ளிலும் திருவிழாவிலும் காசைக் கரைப்பவன், நாளையைப் பற்றிய நினைவில்லாதவன் என்பதே அந்தப் பதில். பல காலமாகச் சொல்லிச் சொல்லி அது சுயம்பிரகாசமான உண்மைபோல் ஆகிவிட்டது. சரித்திரத்தைச் சற்று நிதானமாகப் புரட்டிப் பார்க்கும் எவருக்கும் அது பொய் என்பது விளங்கும். பொய் என்பதோடு, பல்லாயிரம் குடும்பங்களுக்குச் செய்யப்பட்ட அநீதியை அவர்களுடைய குணத்தின்மேல் சுமத்துகிற தீங்கான பொய் என்பதும் விளங்கும்.

தோட்டத் தமிழர் எவ்வாறு போனார்கள்? முதலில் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். அந்த முறை 1910 இல் ஒழிந்தது. அதன் பக்கத்திலேயே வளர்ந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட கங்காணி முறை, 1938 இல் இந்திய அரசாங்கம் கூலியாட்களை அனுப்புவதைத் தடுத்து நிறுத்தும்வரை நடந்தது. கங்காணி தன் சொந்தக் கிராமத்துக்கே திரும்பி வந்து, மழை பொய்த்தவர்களையும் கடனில் மூழ்கியவர்களையும் பண்ணையாரின் கொடுமைக்குத் தப்ப நினைத்தவர்களையும் தேடிச் சேர்த்து அழைத்துப் போனான். அவன்கீழ் வேலைக்கு வந்த ஒவ்வொரு ஆளுக்கும் அவனுக்குத் தலைக்காசு கிடைத்தது. 1907 இல் முதலாளிகளிடம் வரி வசூலித்து ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதி கப்பல் செலவை ஏற்றுக்கொண்டது. இந்த ஏற்பாடுகள் அனைத்தின் நோக்கமும் ஒன்றே: ரப்பர் விலை ஏறும்போது மலிவான கைகள் தட்டுப்பாடின்றி வந்துகொண்டிருக்க வேண்டும், விலை விழுந்தால் அந்தக் கைகளைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். 1930 ஆம் ஆண்டையொட்டி உலகெங்கும் பொருளாதார மந்தம் பரவியபோது நடந்ததும் அதுதான். ஆயிரக்கணக்கான தொழிலாளர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர்.

யாழ்ப்பாணத்தார் போன விதம் முற்றிலும் வேறு. 1816 இல் அங்கே கால்வைத்த அமெரிக்க மிஷனரிமார் 1823 இல் வட்டுக்கோட்டையில் செமினரியை நிறுவினர். அங்கே கல்வி பயின்ற சி. வை. தாமோதரம் பிள்ளை சென்னைச் சர்வகலாசாலையின் முதல் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகத் தேறினார் என்றால், அந்த வறண்ட குடாநாட்டில் ஆங்கிலக் கல்வி எவ்வளவு சீக்கிரம் வேரூன்றியது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். மிஷனரிமாருக்குப் போட்டியாகச் சைவப் பெருமக்களும் பள்ளிகளைத் தொடங்கவே, பனையும் கிணற்றுப் பாசனமும் தவிர வேறு செல்வமில்லாத அந்தப் பிரதேசத்தில், உள்ளூரில் உத்தியோகம் பெற முடியாத அளவுக்குப் படித்த வாலிபர்கள் பெருகினார்கள். இலங்கையில் பணி செய்து பழகிய ஆங்கில அதிகாரிகள் மலாயாவுக்கு மாற்றலாகிப் போய், 1885 இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே முதல் ரயில் பாதையைத் திறந்து, மேலும் மேலும் பாதைகளையும் சாலைகளையும் இலாகாக்களையும் விஸ்தரித்தபோது, அவர்களுக்கு வேண்டியிருந்த குமாஸ்தாக்களையும் நில அளவையாளர்களையும் ஸ்டேஷன் மாஸ்டர்களையும் வைத்தியசாலை உதவியாளர்களையும் யாழ்ப்பாணத்திலிருந்தே தருவித்துக்கொண்டனர். இப்படிப் போனவனுக்கு மாதச் சம்பளம் உண்டு, அரசாங்கக் குடியிருப்பு உண்டு, இறுதியில் பென்ஷனும் உண்டு.

ஆகவே, இரு கூட்டத்தாரையும் ஒப்பிடுகிறவர்கள் முதலிலேயே ஒரு தவறு செய்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து போனவர்கள் யாழ்ப்பாணத்தின் சராசரி மனிதர்கள் அல்லர். ஆங்கிலம் படித்தவர்கள் என்று பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். தமிழ்நாட்டிலிருந்து போனவர்களும் தமிழ்நாட்டின் சராசரி மனிதர்கள் அல்லர். எழுத்தறிவும் நிலமும் இல்லாதவர்கள் என்பதற்காகவே பொறுக்கி எடுக்கப்பட்டவர்கள். எண்ணிக்கையிலும் பெரும் வித்தியாசம் உண்டு. 1931 ஆம் ஆண்டின் ஜனக்கணக்கில் மலாயாவிலிருந்த இந்தியர்கள் ஆறு லட்சத்துக்கு மேற்பட்டிருக்க, இலங்கைத் தமிழர் தொகை அதில் மிகச் சிறு பங்கே. ஒரு சிறு கூட்டத்தின் பிள்ளைகள் அனைவருக்கும் நகரத்துப் பள்ளியில் இடம் கிடைத்துவிடும். ஆறு லட்சம் பேரின் பிள்ளைகளுக்கு அது எங்ஙனம் சாத்தியம்?

அக்காலத்து ஒரு காலைப்பொழுதை இரு வீட்டிலும் வைத்துப் பார்ப்போம். தோட்டத்தில், இருள் பிரியுமுன்னே பெரட்டுக் களத்தில் ஆட்கள் வரிசையாக நிற்க, தோட்டக் குமாஸ்தாவாகிய கிராணி பேர் கூப்பிடுகிறார். வெயில் ஏறினால் பால் உறைந்து ஓட்டம் குறைந்துவிடுமாதலால், தாயும் தகப்பனும் உளியை எடுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான மரங்கள் கொண்ட தங்கள் நிரைக்கு விரைகிறார்கள். மூத்த பிள்ளை, தம்பியை இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் பின்னாலேயே போய் பால் பிடிக்கும் மங்கு துடைத்து, மரத்தில் உறைந்த ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட வேண்டும். மழை பெய்தால் மரம் வெட்ட முடியாது; அன்றைக்குக் கூலியும் கிடையாது. இவற்றுக்கிடையே பிள்ளை பள்ளிக்குப் போனால், அங்கே இருப்பது ஒரே கொட்டகை. எல்லா வகுப்புக்கும் சேர்த்துப் பல தோட்டங்களில் ஒரே உபாத்தியாயர். ஆரம்ப காலத்தில் எழுத்து வாசனையுள்ள கங்காணியோ கிராணியோதான் அந்த உபாத்தியாயரும். தோட்டங்களில் பள்ளி வைக்க வேண்டுமென்று தொழிலாளர் சட்டம் விதித்தது உண்மையே. அந்தப் பள்ளியிலிருந்து மேலே போக ஒரு படியும் வைக்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் விதிக்கவில்லை.

அதே காலைப்பொழுதில் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில், ரயில்வே குமாஸ்தாவின் மகன் சலவைச் சட்டை அணிந்து, 1893 இல் தொடங்கப்பட்ட விக்டோரியா இன்ஸ்டிட்யூஷனுக்கோ மெதடிஸ்ட் பள்ளிக்கோ புறப்படுகிறான். மாலையில் வீடு திரும்பினால், அவனுடைய ஆங்கிலக் கட்டுரையைத் திருத்தித் தரத் தகப்பனாருக்கே தெரியும். அடுத்த வீட்டுப் பையன் சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தேறி உத்தியோகத்தில் அமர்ந்ததை அவன் கண்ணால் கண்டிருக்கிறான். படித்தால் பலன் உண்டு என்பது அவனுக்கு உபதேசமல்ல, தெருவில் தினமும் காணும் காட்சி. வட்டுக்கோட்டையில் 1915 இல் பிறந்து, ரப்பர்த் தோட்ட மேற்பார்வையாளரின் மகனாகச் சிரம்பானில் வளர்ந்த எஸ். ராஜரத்தினம் 1965 இல் சிங்கப்பூரின் முதல் வெளிநாட்டு அமைச்சரானார். தோட்டத்தின் காற்றைச் சுவாசித்தவர்தாம் அவரும்; தொழிலாளர் வரிசைக் குடியிருப்பாகிய லயத்தில் வளர்ந்தவர் அல்லர் என்பதே விசேஷம். பிரிக்பீல்ட்ஸில் 1938 இல் பிறந்த பெருந்தொழிலதிபர் ஆனந்த கிருஷ்ணன் முதலில் படித்தது விவேகானந்தா தமிழ்ப் பள்ளியில். ஆகவே தமிழ்ப் பள்ளிதான் பிள்ளைகளைக் கெடுத்தது என்பாரின் வாதமும் நிற்காது. அங்கிருந்து அடுத்த பள்ளிக்கு அவருக்குப் பாதை இருந்தது. தோட்டத்துப் பிள்ளைக்கு இல்லை.

சிக்கனமும் கல்விப் பற்றும் யாழ்ப்பாணத்தாரிடம் இல்லையா என்று கேட்கலாம். இருந்தன, அவை மெச்சத்தக்க குணங்கள். ஆனால் மாதம் தவறாமல் வரும் சம்பளத்தில் சிக்கனம் பழகுவதற்கும், மழை பெய்தால் நின்றுபோகும் தினக்கூலியில் பழகுவதற்கும் உள்ள தூரத்தை நாம் மறக்கலாகாது. கள்ளைப் பற்றிப் பேசுகிறவர்கள், தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடையை அனுமதித்தவர்கள் யார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 1941 இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது விடுத்த கோரிக்கைகளைப் பாருங்கள்: சீனத் தொழிலாளருக்குச் சமமான கூலி வேண்டும், பிள்ளைகளுக்குச் சரியான பள்ளிக்கூடம் வேண்டும், கள்ளுக்கடைகளை மூட வேண்டும், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கியாக வேண்டும் என்ற அவமானம் ஒழிய வேண்டும். நாளையைப் பற்றிய நினைவில்லாதவர்களா இதைக் கேட்டார்கள்? பட்டாளம் வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள், பள்ளிக்கூடம் வரவில்லை.

பள்ளிக்கு அடுத்தபடியாக இவ்விரு கூட்டத்தாரையும் பிரித்தது வீடு. லயத்து அறை தொழிலாளிக்கு ஒருநாளும் சொந்தமல்ல. வேலை போனால் வீடும் போயிற்று. 1957 இல் நாடு சுதந்திரம் அடைந்ததையொட்டி வெள்ளைக்காரத் துரைமார் தோட்டங்களை விற்கத் தொடங்க, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டுதுண்டாக்கி விற்க, தலைமுறை தலைமுறையாக உழைத்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்தத் துயரத்துக்கு மாற்றாக அன்றைய அமைச்சர் துன் சம்பந்தன் 1960 இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளர் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தைக் கொண்டே தோட்டங்களை வாங்கினார். சிக்கனம் அறியாதவர்கள் என்று ஏசப்பட்ட அதே மக்கள், தங்களுடையது என்று சொல்லிக்கொள்ள ஒரு பொருள் கண்முன் தெரிந்தவுடன், வயிற்றைக் கட்டிச் சேமித்துக் காட்டினார்கள். இந்த ஒரு நிகழ்ச்சியே, குணத்தைக் குறைகூறும் வாதம் அனைத்துக்கும் போதிய மறுப்பு என்று நான் கருதுகிறேன்.

ஆனால் அந்தச் சங்கம் வாங்கியவை சில. வாங்க முடியாதவை பல. ரப்பர் போய், குறைந்த ஆட்களே போதுமான செம்பனை வந்தது; அயல்நாட்டுக் கூலியாட்கள் வந்தார்கள்; நகரங்கள் விரிந்து தோட்டங்களை விழுங்கின. நாட்டின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவே பிராங் பெசார் முதலான தோட்டங்கள் இருந்த நிலத்தில் எழுந்ததுதான். அங்கிருந்த தொழிலாளர் குடும்பங்கள் டெங்கிலில் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு மாற்றப்பட்டு, தங்களுக்கு வாக்களிக்கப்பட்ட தரைவீடுகளுக்காக ஆண்டுக்கணக்கில் காத்துக் கிடந்தனர். 1971 இல் புதிய பொருளாதாரக் கொள்கை அமலுக்கு வந்து, அரசாங்க உத்தியோகங்கள் மலாய்க்காரருக்கே பெரும்பாலும் என்று ஆனபோது, அந்த அடி யாழ்ப்பாணத்தாரையும் தாக்கியது. எனினும் பட்டம் பெற்றவர் வக்கீல் தொழிலுக்கோ வைத்தியத்துக்கோ மாறினார். மனம் கசந்தால் ஆஸ்திரேலியாவுக்கோ இங்கிலாந்துக்கோ போனார். கல்வி கூடவே எடுத்துச் செல்லக்கூடிய சொத்து. பால் வெட்டும் கைத்திறன் தோட்டத்துக்கு வெளியே காசு பெறாதது. 2007 நவம்பர் 25 இல் கோலாலம்பூர் வீதிகளில் மலேசிய இந்தியர் பல்லாயிரம் பேர் உரிமை கேட்டுத் திரண்டு நின்றதன் பின்னணியில், வேறு காரணங்களோடு, இந்த நெடுங்காலத்து ஏமாற்றமும் இருந்தது.

இதில் தமிழராகிய நமக்கும் பங்குண்டு என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் நின்ற கிராணிமாரில் யாழ்ப்பாணத்தாரும் பலர். தோட்டத் தமிழனோடு தம்மைச் சேர்த்து எண்ணிவிடக் கூடாதே என்பதில் அவர்களுடைய சங்கங்கள் காட்டிய அக்கறையில் ஒரு பகுதியை அவன் பிள்ளையின் கல்வியில் காட்டியிருந்தால், கதை சற்றேனும் மாறியிருக்கும். ஆங்கிலம் அறிந்தவர்கள் அருகிலேயே இருந்தும் அந்தப் பிள்ளைக்கு ஆங்கிலம் எட்டாமற் போனது அரசாங்கத்தின் குற்றம் மட்டும் அல்ல.

இன்று மலேசியாவில் செய்ய வேண்டியது பற்றிச் சந்தேகத்துக்கு இடமில்லை. தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு படித்த பிள்ளை, மலாய் மொழி இடைநிலைப் பள்ளிக்குள் நுழையும் அந்தத் திருப்பத்தில்தான் தடுமாறுகிறது. தேசிய மொழியில் போதிய தேர்ச்சியின்றிப் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக இருந்து, சோர்ந்து, படிப்பை விட்டவர்கள் எத்தனையோ பேர். பணமும் ஆசிரியரும் முதலில் போக வேண்டியது அந்தத் திருப்பத்துக்கு. தோட்டத்தை விட்டு வெளியேற்றப்படும் குடும்பத்துக்கு, வெளியேற்றுவதற்கு முன்பே பட்டாவோடு வீடு தர வேண்டும்.

இந்தப் பாடம் நமக்கு இன்னும் பக்கத்திலேயே தேவைப்படுகிறது. திருப்பூரின் பனியன் கம்பெனிகளுக்கும் திருவள்ளூர்ச் செங்கற்சூளைகளுக்கும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஏஜென்டுகள் மூலம் முன்பணம் கொடுத்து ஆட்களை அழைத்து வருகிறோம். முதலாளியின் கொட்டகையில் குடிவைக்கிறோம். பிள்ளைகள் கல் அடுக்குகிறார்கள். கங்காணியும் லயமும் ஒட்டுப்பாலும் வேறு பெயரில் நம்முடைய ஊருக்கே வந்திருக்கின்றன. ஐம்பது ஆண்டு கழித்து அவர்களுடைய பேரப்பிள்ளைகள் பின்தங்கி நின்றால், அது அவர்களுடைய குணம் என்று சொல்ல நமக்கு யோக்கியதை இராது. சூளைப் பிள்ளைகளில் எத்தனை பேர் பள்ளியில் சேர்ந்தார்கள், எத்தனை பேர் எட்டாம் வகுப்பைத் தாண்டினார்கள், எத்தனை குடும்பங்கள் முதலாளியின் இடத்துக்கு வெளியே சுதந்திரமாகக் குடியிருக்கின்றன என்பதைத் தமிழக அரசாங்கம் ஜில்லாவாரியாகக் கணக்கெடுத்து ஆண்டுதோறும் வெளியிடட்டும். மலாயாவில் நம்மவருக்கு எது மறுக்கப்பட்டது என்பதை அறிந்த நாம், அதை இங்கே பிறருக்கு மறுக்காமலிருக்கக் கடமைப்பட்டவர்கள்.