பங்களாவில் 400 ரூபாய்க்கு ஒரு ராத்திரி

பொங்கல் லீவு முடிவதற்குள் ஊட்டிக்கு ஒரு எட்டு போய் வந்தோம். நாங்கள் நான்கு பேர். எல்லாரும் இறுதியாண்டு, எல்லாரும் பரம ஏழைகள். "ஊட்டியைப் பத்தி எழுத இன்னும் என்னடா பாக்கி இருக்கு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. பயப்படாதீர்கள். படகு, ரோஜாத் தோட்டம், வர்க்கி, தைலம் எதையும் தொடப் போவதில்லை. நாங்கள் தங்கிய இடத்தைப் பற்றி மட்டும்தான் எழுதப் போகிறேன். அதில் எனக்கென்று ஒரு கருத்தும் இருக்கிறது. படித்துவிட்டுச் சண்டைக்கு வரலாம்.

சேரிங் கிராஸிலிருந்து நடந்து போகிற தூரம். பெயர் வேண்டாம், ஏன் என்று பிறகு புரியும். வெள்ளைக்காரர்கள் காலத்தில் யாரோ ஒரு துரை கோடையில் வந்து தங்கக் கட்டிய பங்களா. கை மாறி, கை மாறி, இன்று லாட்ஜ். முன்னால் பெரிய புல்வெளி, ஓரமெல்லாம் பூச்செடிகள், மூலையில் ஒரு கிழட்டு சைப்ரஸ் மரம். நான்கு கட்டில் போட்ட அறை ஒரு ராத்திரிக்கு 1,600 ரூபாய். தலைக்கு 400.

போவதற்கு முன் இணையத்தில் அந்த லாட்ஜைப் பற்றி மக்கள் எழுதி வைத்திருந்ததைப் படித்தோம். தரை கிறீச் கிறீச் என்று கத்துகிறது. வெந்நீர் காலையில் மட்டும்தான். பழைய வாடை. டிவி சரியில்லை. எல்லாருக்கும் பொதுவான புகார்: கார் நிறுத்த இடம் பத்தவில்லை. எங்களுக்குக் கார் இல்லை. எனவே இது நமக்கான இடம் என்று முடிவு செய்தோம். மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை (யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக்கிய பிறகு அது எங்களைப் போன்றவர்கள் கடைசி நேரத்தில் ஏறுகிற வண்டியா என்ன!). மேட்டுப்பாளையத்தில் அரசு பஸ் பிடித்தோம்.

புகார்கள் எல்லாம் உண்மை. மரத்தரை. பக்கத்து அறைக்காரர் பாத்ரூம் போனால்கூட நமக்குத் தகவல் வந்துவிடும். கம்பளி, பட்டாளத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றது போலிருந்தது. ஜன்னல் சந்தில் காற்று விசில் அடித்தது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி விடியலில் புல்லின் மேல் உப்பைத் தூவியது மாதிரி உறைபனி கிடக்கும். கணப்புக்கு விறகு வேண்டும் என்றால் தனிக் காசு. கூடிப் பேசி, வாக்கெடுப்பு நடத்தி, விறகு வாங்கினோம். இரண்டு மணி நேரம் சொர்க்கம். அதன் பிறகு பழைய கம்பளியே கதி.

காலையில் வெயில் வந்ததும்தான் அந்த வீட்டின் சூட்சுமம் புரிந்தது. நல்ல தடிமனான சுவர். பகல் வெயிலை உள்ளே இழுப்பதற்காக அரைவட்டமாக வெளியே துருத்தி நிற்கும் ஜன்னல்கள். மழை தங்காமல் வழிந்து ஓடச் சரிவான கூரை. கால் சில்லிடாமல் இருக்க மரத்தரை. நாங்கள் ராத்திரி முழுக்கத் திட்டிய அந்தத் தரை!

வெளியே தோட்டக்காரத் தாத்தா செடிகளின் மேலிருந்த மிலார் தழைகளை எடுத்துக்கொண்டிருந்தார். பனியில் செடி கருகிவிடாமலிருக்க மாலையில் தழை போட்டு மூடுவார்களாம், காலையில் எடுப்பார்களாம். தினமும். ஒரு வரிசை முழுக்க வெட்டி விடப்பட்ட குச்சிகள். என்ன செடி என்று கேட்டேன்.

"ஹைட்ரேஞ்சியா தம்பி. மே மாசம் வந்து பாருங்க, நீலமா கிடக்கும்."

வேறு ஊர்களில் அதே செடி ரோஜா நிறத்திலும் பூக்கும். மண்ணில் அமிலம் இருந்தால் நீலம். தேயிலைக்கும் அமில மண்தான் பிடிக்கும். ஆக, தேயிலை விளைகிற ஊரில் இந்தப் பூ நீலமாகப் பூப்பதில் ஆச்சரியமில்லை. (வேதியியல் பரீட்சைக்கு உதவலாம், குறித்துக்கொள்ளவும்.)

தாத்தாவோடு பேசிக்கொண்டிருந்தபோது மேனேஜர் வந்தார். பேச்சுவாக்கில் ஒரு விஷயத்தைச் சொன்னார். "எல்லாரும் பார்க்கிங் இல்லைன்னுதான் எழுதறாங்க. ஓனர் இந்தப் புல்வெளில பாதிய எடுத்துட்டு சிமென்ட் கல் போட்டுடலாமான்னு யோசிக்கிறார்." தாத்தா ஒன்றும் சொல்லவில்லை. தழைகளைக் கட்டாகக் கட்டி ஓரமாக வைத்தார்.

இப்போது எங்கள் கூட வந்த கூடலூர்க்காரனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் வீட்டார் இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்ட வேலை பார்த்தவர்கள். 1964-ல் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் வந்ததே, அதற்குப் பிறகு இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். அப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் நீலகிரியில் அரசு தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. இன்று டான்டீ என்கிறோமே, அதுதான். அவனுடைய அப்பாயி அங்கே கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். இவன் நீலகிரி மாவட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவன். ஊட்டிக்கு எத்தனையோ தடவை வந்திருக்கிறான், ஆஸ்பத்திரிக்கு, கலெக்டர் ஆபீசுக்கு. ஆனால் இப்படி ஒரு பங்களாவின் கேட்டைத் தாண்டி உள்ளே வந்தது இதுதான் முதல் முறையாம்.

வராந்தாவில் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து அப்பாயிக்குப் போன் போட்டான். ஸ்பீக்கரில்.

"அப்பாயி, ஊட்டியில ஒரு தொரை பங்களாவுல இருக்கேன்."

"எதுக்குய்யா? வேலைக்கா?"

"இல்ல அப்பாயி. தங்கறதுக்கு."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டார்: "தரைக்கு இன்னும் மெழுகு போடுறாங்களா?"

அவருக்கு அந்தத் தரையைத் தெரிந்திருக்கிறது. அங்கே, இலங்கையில், கொழுந்து எடுக்கப் போவதற்கு முந்தைய வயதில், பங்களாவில் தரை துடைத்திருக்கிறார். இவனுக்கே அன்றுதான் தெரியும்.

இனி என் கருத்து.

பழைய பங்களாக்களுக்கு மூன்று விதமான முடிவுகளைப் பார்க்கிறேன். முதல் வகை, இடித்துவிட்டு எல்லை முதல் எல்லை வரை கான்கிரீட் லாட்ஜ் கட்டுவது. மரம், செடி, மண் எதுவும் மிஞ்சாது. இரண்டாவது வகை, பாலிஷ் போட்டு 'ஹெரிடேஜ்' என்று பலகை மாட்டி, ஒரு ராத்திரிக்கு நம் ஒரு செமஸ்டர் ஃபீஸைக் கேட்பது. கட்டடம் பிழைக்கும், தோட்டமும் பிழைக்கும். ஆனால் அன்று கேட்டுக்கு வெளியே நின்றவர்கள் இன்றும் வெளியேதான் நிற்பார்கள். மூன்றாவது வகை, நாங்கள் தங்கியது. கூரையில் ஒழுகல், கம்பளியில் ஓட்டை. ஆனாலும் கதவு திறந்திருக்கிறது. 400 ரூபாய் வைத்திருக்கிற யாரும் அந்த பிரம்பு நாற்காலியில் உட்காரலாம். என் ஓட்டு மூன்றாவதற்குத்தான்.

இது ஒன்றும் புதிய யோசனையில்லை. ஊட்டியின் முதல் பங்களாவுக்கே இதுதான் நடந்தது. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்தார். 1822-ல் தனக்கொரு வீடு கட்டத் தொடங்கினார். ஊரார் அதைக் கல் பங்களா என்றார்கள். இன்று அது அரசு கலைக் கல்லூரியின் வளாகத்தில் இருக்கிறது. துரை கட்டிய வீட்டு வாசலில் மலைக் கிராமத்துப் பிள்ளைகள் டிகிரி வாங்க வந்து நிற்கிறார்கள். ஒரு கட்டடத்துக்கு இதைவிட நல்ல கதி என்ன இருக்க முடியும்?

என் வகுப்புத் தோழன் ஒருவன் (வரலாற்றுப் புத்தகமாகவே மாறிவிட்டவன்) இதைக் கேட்டதும் கொதித்தான். "அது அடிமை மனப்பான்மைடா. அவன் தோதவர் நிலத்தைப் பிடிச்சுக் கட்டினது. இடிச்சாத்தான் என்ன?" அவன் சொல்வதில் பாதி முழுக்கச் சரி. ஊட்டி தோதவர்களின் எருமைகள் மேய்ந்த புல்வெளி. இன்றும் தாவரவியல் பூங்காவின் மேல் பக்கம் ஏறினால் ஒரு தோதவர் மந்து இருக்கிறது. அந்தப் பூங்காவே வெள்ளைக்காரக் குடும்பங்களுக்குக் காய்கறி விளைவிக்க ஆரம்பித்த முயற்சியிலிருந்து வந்தது. 1848-ல்தான் மெக்ஐவர் என்ற தோட்டக்கலைக்காரர் வந்து அதைப் பூங்காவாக்கத் தொடங்கினார். விறகுக்காகக் கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் கொண்டுவந்து நட்டார்கள், அவை புல்வெளிகளை விழுங்கின. அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டுவந்த உண்ணிச்செடி வேலி தாண்டி முதுமலைக் காட்டுக்குள் புதராக மண்டிக் கிடக்கிறது. தோட்டம் என்றாலே அப்பாவி என்று நினைத்துவிட வேண்டாம்.

எல்லாம் சரி. ஆனால் இன்று இடித்தால் அந்த நிலம் தோதவர்களுக்குப் போய்ச் சேருமா? பார்க்கிங்குக்குத்தான் போகும். மேலும், அந்த வீட்டைத் துரை கையாலா கட்டினார்? கல் உடைத்தவர்கள், மரம் இழைத்தவர்கள், மெழுகு போட்டவர்கள் யார்? அப்பாயிக்கு அந்தத் தரையின் மேல் இருக்கிற உரிமை துரையின் பேரனுக்குக்கூடக் கிடையாது. நன்றி சொல்ல ஒன்றுமில்லை. அனுபவிக்க நிறைய இருக்கிறது.

புல்வெளி விஷயத்தில் இன்னொன்று. மழை பெய்தால் புல்லும் மண்ணும் தண்ணீரைக் குடிக்கும். சிமென்ட் குடிக்காது, கீழ் வீட்டுக்குத் தள்ளிவிடும். 2009 நவம்பரில் நீலகிரியில் நிலச்சரிவு வந்து 40 பேருக்கு மேல் செத்துப் போனார்கள். ஒரு லாட்ஜின் முற்றத்தால் மலை சரிந்துவிடும் என்று சொல்லவில்லை. எல்லா முற்றமும் சிமென்ட் ஆனால் அந்தத் தண்ணீர் எங்கே போகும் என்றுதான் கேட்கிறேன்.

முதலாளி பக்கத்தையும் பார்க்க வேண்டும். இரண்டு பருவமழையும் தொடுகிற ஊரில் மரம் உளுக்கும், தகரம் துருப்பிடிக்கும். எங்கள் 1,600 ரூபாயில் தாத்தாவுக்குச் சம்பளமும் கொடுத்து, கூரையும் மாற்ற முடியாது. கார்க்காரர்கள் வராவிட்டால் அவர் என்ன செய்வார்? அதனால் சும்மா "இடிக்காதீங்க" என்று கத்துவது நியாயமில்லை. நம்மாலானது சில உண்டு. தலைக்கு 100 ரூபாய் கூடக் கேட்டால் முணுமுணுக்காமல் கொடுக்கலாம். பஸ்ஸில் வரலாம் (உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே மாதம் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது, அரசு பஸ்ஸுக்கு அந்தத் தலைவலி இல்லை). முக்கியமாக, இணையத்தில் எழுதும்போது கொஞ்சம் யோசித்து எழுதலாம். "பார்க்கிங் இல்லை" என்று நாம் போகிற போக்கில் தட்டுகிற ஒரு வரி, அங்கே ஒரு வரிசை ஹைட்ரேஞ்சியாவின் தலையெழுத்து. லாட்ஜின் பெயரை நான் சொல்லாததற்கும் இதுதான் காரணம். ஏற்கெனவே அதன் மேல் போதுமான கல் விழுந்துவிட்டது.

கிளம்பும்போது மேனேஜரிடம், "புல்வெளி இருந்தா நாங்க மறுபடி வருவோம் சார், முதலாளிகிட்ட சொல்லுங்க" என்றோம். சிரித்தார். மாணவர்கள் சொல்வதைக் கேட்டுச் சிரிக்கும் அதே சிரிப்பு. கூடலூர்க்காரன் மட்டும் பின்தங்கி அவரிடம் வேறொன்று கேட்டுக்கொண்டிருந்தான். தரைத் தளத்தில் அறை கிடைக்குமா, வயசானவங்களால படி ஏற முடியாது, சீசன் முடிஞ்சதும் வாடகை எவ்வளவு.

அப்பாயியைக் கூட்டி வரப் போகிறானாம். அவர் ஒரு தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்து டீ குடிக்கிறவரையாவது அந்தப் புல்வெளி அங்கே இருக்க வேண்டும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?