கூட்ஸ் வண்டிக்கு ஏன் நம்பர் இல்லை?

மாம்பலம் ஸ்டேஷனில் பீச் வண்டிக்காக நிற்கிறீர்கள். பக்கத்துப் பாதையில் கடகடவென்று ஒரு கூட்ஸ் வண்டி வருகிறது. ஐம்பதுக்கு மேற்பட்ட வேகன்கள். எங்கிருந்து வருகிறது? எங்கே போகிறது? பிளாட்பாரத்தில் நிற்பவர் யாருக்கும் தெரியாது. ஒலிபெருக்கியும் சொல்லாது.

மதுரைக்குப் போகும் பாண்டியன் எக்ஸ்பிரசின் நம்பர் 12637. திரும்பி வரும்போது 12638. 2010 டிசம்பர் 20-ந் தேதியில் இருந்து பயணி ரெயில்களுக்கு இப்படி ஐந்து இலக்கம். கூட்ஸ் வண்டிக்கு மட்டும் இப்படி ஊரறிந்த நம்பர் கிடையாது.

காரணம், அதற்கு டயம்டேபிள் இல்லை. சரக்கு ஏற்றி முடிய வேண்டும். என்ஜின் கிடைக்க வேண்டும். பாதை காலியாக வேண்டும். பிறகுதான் புறப்பாடு. கண்ட்ரோல் அறையில் உள்ளவர்கள் இன்ன சரக்கு, இன்ன ஊருக்கு, இன்ன என்ஜின் என்று அடையாளம் வைத்துக்கொள்வார்கள். பயணம் முடிந்ததும் அந்த அடையாளமும் முடிந்தது.

வேகனின் ஜாதகம்

நிரந்தர நம்பர் வேகனுக்குத்தான் உண்டு. அதன் பக்கவாட்டில் 11 இலக்கம் எழுதியிருக்கும். முதல் இரண்டும் வேகனின் ரகம். திறந்த வேகனா, மூடியதா, டாங்கியா என்று அதில் தெரியும். அடுத்த இரண்டு, எந்த ரெயில்வேக்குச் சொந்தம் என்பது. அதற்கடுத்த இரண்டு, செய்த வருஷம். பிறகு நான்கு இலக்கம் வரிசை எண். கடைசி ஒன்று காவல்காரன்!

உதாரணத்துக்கு நாமே ஒரு எண் எழுதுவோம்: 1206151234. இரண்டாவது, நான்காவது என்று இரட்டை இடங்களில் உள்ளவற்றைக் கூட்டினால் 19. அதை மூன்றால் பெருக்கினால் 57. ஒற்றை இடங்களின் கூட்டல் 6. ஆக 63. அதை 70 ஆக்க 7 வேண்டும். அந்த 7-தான் பதினொன்றாவது இலக்கம். யாராவது அவசரத்தில் 5-ஐ 6 என்று எழுதிவிட்டால் கணக்கு உதைக்கும். தவறு அங்கேயே பிடிபடும். கம்ப்யூட்டர் இந்த நம்பரைக் கொண்டுதான் வேகனைத் தேடுகிறது. ஓடும்போதே ரேடியோ அலை மூலம் படிக்கும் தகடுகளையும் இப்போது பொருத்தி வருகிறார்கள்.

சம்பாதிக்கும் பிள்ளை

ஆக, வேகன் எங்கே இருக்கிறது என்று தெரியும். எப்போது வந்து சேரும் என்று கேட்டால்? அங்கேதான் சிக்கல்.

மயிலாப்பூர் கடையில் நாம் வாங்கும் கோதுமை இந்தச் சீமையில் விளைந்தது அல்ல. வடக்கே இருந்து வர வேண்டும். வழியில் எக்ஸ்பிரஸ் வந்தால் கூட்ஸ் வண்டி ஒதுங்கி நிற்கும். 2019-20-ல் அதன் சராசரி வேகம் மணிக்கு 23.6 கிலோமீட்டர்தான் என்று மத்திய தணிக்கை அறிக்கை சொல்லிற்று. மெயில், எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு 50.6. ரெயில்வேயின் போக்குவரத்து வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரக்கினால் வருகிறது. சம்பாதிக்கும் பிள்ளைக்குக் கடைசிப் பந்தி!

தேதி சொல்ல முடியாத வண்டியை நம்பி எந்த வியாபாரி சரக்கை ஒப்படைப்பான்? லாரியைத்தான் கூப்பிடுவான்.

பிரிட்டனில் கூட்ஸ் வண்டிக்கும் நேரம் குறித்து, நான்கு எழுத்தில் ஒரு குறியீடு கொடுக்கிறார்கள். முதல் இலக்கம் 6 என்றால் மணிக்கு 60 மைல் வரை போகும் சரக்கு வண்டி. 4 என்றால் 75 மைல். அதைப் பார்த்ததும் சிக்னல்காரர் எதை முன்னே விடலாம் என்று கணக்குப் போடலாம்.

நம் நாட்டில் முடியாதா? முடிந்திருக்கிறது. 2020-ல் ஊரடங்கின்போது பயணி ரெயில்கள் நின்றன. அப்போது பார்சல் ரெயில்களை நேரம் குறித்து ஓட்டினார்கள். அவற்றுக்கு 00 என்று தொடங்கும் ஐந்து இலக்க நம்பரும் கொடுத்தார்கள். நமக்குப் பக்கத்தில் உள்ள ரேணிகுண்டாவில் இருந்து டெல்லிக்குப் பால் வண்டி போனது அப்படித்தான். பால் கெட்டுவிடும் என்பதால் நேரம் கிடைத்தது. கோதுமையும் சிமெண்டும் கெடாது, ஆகவே காத்திருக்கின்றன.