இன்னொரு குடிகாடு வேண்டாம்

திண்டிவனம் சிப்காட்டில் மருந்துத் தொழிற்பூங்கா என்றதும் வேலை வரும் என்று நம் இளைஞர்கள் மகிழ்கிறார்கள். மகிழட்டும். பட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு வளைகுடா விசாவுக்குக் காத்திருப்பவர்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! ஆனால் பக்கத்துக் கடலூரைப் பாருங்கள். அங்குள்ள சிப்காட்டில் 2021 மே மாதம் பூச்சிமருந்து ஆலை விபத்தில் 4 பேர் பலியானார்கள். 2025 மே மாதம் சாய ஆலையின் தொட்டி உடைந்து, கழிவுநீர் குடிகாடு கிராம வீடுகளுக்குள் புகுந்தது.

வணிகப் பெருமக்களே, ஆம்பூர், வாணியம்பாடி தோல் வியாபாரிகளைக் கேளுங்கள். சுத்திகரிப்பைத் தள்ளிப்போட்டதற்கு 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் வைத்த விலை என்ன? தோல் ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். சுத்திகரிப்புக்கு ஏற்பாடு செய்யாதவற்றை மூட உத்தரவு.

நம்முடையது ஏரிப் பாசனத்தை நம்பிய மண். தொழிற்பூங்காவுக்கு ஒருமுறை கருத்துக்கேட்பு நடத்திச் சுற்றுச்சூழல் அனுமதி வாங்கிவிட்டால், உள்ளே வரும் ஆலைகளுக்குத் தனிக் கருத்துக்கேட்பு தேவையில்லை என்கிறது 2006 அறிவிக்கை. பிறகு கேட்க மேடை ஏது? எந்த ஆலை வருகிறது, கழிவுநீர் எங்கே போகிறது என்று தகவல் உரிமைச் சட்டப்படி சிப்காட்டுக்கு இப்போதே மனுப் போடுங்கள். ஜமாஅத்தோடு நின்றுவிடாமல், பக்கத்து ஊர் விவசாயிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.