கல்லைக் கட்டி ஆடவிட்டோம்!

என் மகள் பி.எஸ்சி., இயற்பியல் முதலாண்டு. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் இறங்கித்தான் காலேஜ், அதனால் ஹாஸ்டல். முதல் நாள் லேப்பில் திருகு அளவியைக் கொடுத்ததும் முழித்திருக்கிறாள். பள்ளியில் படத்தில் பார்த்ததோடு சரி. கூட இருந்தவர்கள் சிரிக்க, 'படிப்பே வேணாம்மா' என்று அழுதுகொண்டு வந்தாள்.

பத்தாவது படித்த நான் என்னத்தைச் சொல்ல? பலாமரக் கிளையில் நூல் கட்டி, கல்லின் நடுவரை ஒரு மீட்டர் அளந்து, ஆடவிட்டோம். 20 ஆட்டத்துக்கு 40 வினாடி! அதை வைத்தே புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்குப் போட்டவள், '9.87 வருதும்மா' என்று குதித்தாள். புத்தகத்தில் 9.8 தானாம்.

மார்க் போடுவதற்கு முன், கருவிகளைத் தொட்டுப் பழக முதல் இரண்டு வாரத்தைக் கல்லூரிகள் ஒதுக்கக் கூடாதா? மலைப்பிள்ளைகள் பாதியில் திரும்பி வர மாட்டார்களே!

— ஒரு வாசகி, பைல் நாடு, கொல்லிமலை.