ஓசி பிளான் வேண்டாம் சாமி!

வீரபாண்டி பிரிவிலிருந்து உள்ளே போகும் எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரு வீடாவது கட்டிக்கொண்டிருப்பார்கள். "பிளான் யாருங்க போட்டது?" என்று கேட்டுப் பாருங்கள். "கான்ட்ராக்டரே போட்டுக் குடுத்துட்டாருங்க, அதுக்குத் தனியாக் காசு வாங்கலை" என்பார்கள். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை வேறு! எனக்கு இந்த ஓசி பிளான் மேல்தான் கோபம்.

திருப்பூர்க்காரர்களுக்கு இதை விளக்க ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை. பையர் சாம்பிளை அப்ரூவ் செய்யாமல் பல்க் கட்டிங் போடுவோமா? ஜிஎஸ்எம் சரியா, சாயம் போகுதா என்று பார்க்கிற வேலையை, துணி சப்ளை செய்தவரிடமே விட்டுவிடுவோமா? ஒரு டி-ஷர்ட்டுக்கு இத்தனை செக்கிங். ஆனால் ஆயுசு முழுக்கச் சேர்த்த காசு, அதுக்கு மேல் பேங்க் லோன் என்று போட்டுக் கட்டும் வீட்டுக்கு மட்டும் வரைவதும் அவரே, கட்டுவதும் அவரே, "எல்லாம் பக்காவா இருக்கு" என்று சொல்வதும் அவரே. கம்பி குறைந்தால் யார் கேட்பது? வாங்காத பிளான் காசு சதுர அடி ரேட்டுக்குள் எங்கேயோ உட்கார்ந்துதான் இருக்கும்.

ஆர்க்கிடெக்ட் என்றால் பங்களா கட்டுகிறவர்களுக்கு என்று ஒரு நினைப்பு இங்கே உண்டு. என்னைக் கேட்டால் அவருடைய முதல் பயன் அழகு இல்லை. நம் பக்கம் நின்று பேச ஒரு ஆள், அவ்வளவுதான். (கம்பி, காங்கிரீட் கணக்குக்கு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தனியாக வேண்டும். அது வேறு வேலை.)

சரி, யார் ஆர்க்கிடெக்ட்? 1972-ல் வந்த ஆர்க்கிடெக்ட்ஸ் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். பதிவு எண் 'சிஏ' என்று தொடங்கி ஆண்டோடு வரும். கவுன்சிலின் இணையதளத்தில் தேடிப் பார்த்துவிடலாம். ஆனால் ஒரு வேடிக்கை பாருங்கள். இந்தச் சட்டம் பட்டத்தைத்தான் காக்கிறது, பதிவு இல்லாதவர் வீடு வடிவமைப்பதைத் தடுக்கவில்லை என்று 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. ஆக, யார் வேண்டுமானாலும் வரையலாம். போர்டில் 'டிசைனர்', 'பில்டர்' என்று எழுதியிருந்தால் அது தப்பும் இல்லை. பார்த்துக்கொள்ள வேண்டியது நாம்தான்.

2024 ஜூலையில் தமிழக அரசு சுயசான்று முறையைக் கொண்டுவந்த பிறகு இது இன்னும் முக்கியம். 2500 சதுர அடி வரையிலான மனையில், 3500 சதுர அடிக்குள் தரைத்தளமும் முதல் தளமுமாகக் கட்டினால் ஆன்லைனில் உடனே அனுமதி. அஞ்சு சென்ட் சைட் 2178 சதுர அடி, அதாவது நம்மில் பலர் இதற்குள்தான். அலைச்சல் போனது நல்லதுதான். ஆனால் கட்டும் முன் ஒரு அதிகாரி குறை கண்டுபிடிப்பார் என்ற கொஞ்சநஞ்ச பயமும் அதோடு போனது.

அடுத்து எலிவேஷன் மோகம். செல்போனில் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி வேணும்" என்கிறோம். அந்தப் படம் எந்த ஊர், எந்தத் திசை? நம்ம ஊரில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் அருமையான காற்று மேற்கிலிருந்து வருகிறது. சித்திரை மதிய வெயிலும் அதே மேற்கிலிருந்துதான் சுடுகிறது. மேற்கே மூடினால் காற்று போச்சு, கண்ணாடி போட்டுத் திறந்தால் அடுப்பு. ஆழமான வராந்தாவா, ஜாலி வைத்த சுவரா, கிழக்கே பெரிய ஜன்னல் வைத்து காற்றை வெளியே விடுவதா என்று யோசிக்க ஒரு ஆள் சைட்டில் வந்து நிற்க வேண்டும். மாடியில் வாடகைக்கு ரெண்டு போர்ஷன், கீழே ஜாப் வொர்க்குக்கு நாலு பவர் டேபிள் என்றால் படிக்கட்டு எங்கே, த்ரீ-ஃபேஸ் லைன் எங்கே, பஞ்சுத் தூசி யார் படுக்கையறைக்குப் போகும்? இதையெல்லாம் கேட்காமல் படம் மட்டும் காட்டுகிற ஆர்க்கிடெக்ட்டும் வேண்டாம்.

"லாரி பேக்கர் தானே வரைந்து தானே கட்டலையா?" என்று ஒரு நண்பன் மடக்கினான். உண்மைதான். 2007-ல் திருவனந்தபுரத்தில் மறைந்த பேக்கர், தன் கொத்தனார்களை வைத்துத் தானே கட்டினார். ஆனால் அவர் மூளையைச் செலவிட்டது செலவைக் குறைப்பதற்கு. செங்கல்லைப் படுக்க வைக்காமல் நிறுத்திவைத்து நடுவில் இடைவெளி விடும் ராட் ட்ராப் முறையில் கால்வாசி செங்கல்லை மிச்சம் பிடித்தார். சதுர அடிக்குக் காசு வாங்கும் நம் கான்ட்ராக்டர் செங்கல்லை மிச்சம் பிடித்தால், அந்த மிச்சம் யார் பைக்குப் போகும்?

ஃபீஸ் விஷயம். கட்டடச் செலவில் இத்தனை சதவீதம் என்று பேசினால், செலவு ஏற ஏற அவருக்கும் ஏறும். மொத்தமாக ஒரு தொகை பேசி, எத்தனை தடவை சைட்டுக்கு வருவார் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்வது மேல். வாஸ்துக்காரருக்கு வெத்தலை பாக்கோடு பேரம் பேசாமல் கொடுக்கிறோம், இவரிடம் மட்டும் "ஒரு படம்தானே" என்று இழுக்கிறோம் :-)

அவர் ஆல்பத்தைப் புரட்ட வேண்டாம். அஞ்சு வருஷம் முன் அவர் கட்டிய ஒரு வீட்டுக்கு, மே மாதம் மதியம் மூணு மணிக்குக் கூட்டிப்போகச் சொல்லுங்கள். ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வராமல், சமையலறையில் நிற்கும் அக்காவிடம் "இங்க எப்படிங்க்கா இருக்கு?" என்று கேளுங்கள்.